நீரில் நெகிழியின் புறப்பரப்பு: வானிலைச் சிதைவால் நேரும் மாற்றங்கள்

ஆறு, ஏரி, கடல் ஆகியவற்றில் சேரும் நெகிழிப் பொருள்கள் வெயில், ஆக்சிசன், வெப்பம், அலை, உப்பு, நுண்ணுயிர்கள் ஆகியவற்றின் கூட்டுத் தாக்குதலால் மெல்ல மெல்ல மாறுவது நெகிழியின் வானிலைச் சிதைவு எனப்படுகிறது. சிதைவு என்றதும் பொருள் துண்டு துண்டாக உடைவதையே பலரும் எண்ணுகின்றனர். உடைவதற்கு வெகு முன்பே அதன் புறப்பரப்பு வேறொன்றாகிவிடுகிறது. நீர் ஒட்டாதிருந்த பரப்பில் நீர் பரவத் தொடங்குகிறது. ஏறத்தாழ மின்சுமையற்றிருந்த இடத்தில் எதிர்மின்சுமை கூடுகிறது. வழுவழுப்பு போய் நுண்ணிய வெடிப்புகள் தோன்றுகின்றன; அவற்றின் மேல் உயிர்ப்படலம் படிகிறது.

நீரில் வாழும் உயிரினமோ நீரில் கரைந்த நச்சுப்பொருளோ முதலில் சந்திப்பது நெகிழியின் உட்பகுதியை அன்று, இந்தப் பரப்பையே. ஆலையிலிருந்து வந்த புது நெகிழியை வைத்து ஆய்வகத்தில் பெறும் முடிவுகளைக் கடலில் பல ஆண்டுகள் மிதந்த நெகிழிக்கு அப்படியே பொருத்திப் பார்க்க முடியாமல் போவது இதனால்தான்.

குருணையை எடுத்துக்கொண்டால்

2021 மே 20 அன்று கொழும்புக்கு அப்பால் கடலில் நின்றிருந்த எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்னும் சரக்குக் கப்பலில் தீப்பிடித்தது. பல நாள் எரிந்து, பின்னர் மூழ்கிய அக்கப்பலில் ஏறத்தாழ 1,680 டன் நெகிழிக் குருணைகள் இருந்தன. நீர்கொழும்பை அடுத்த சரக்குவ உள்ளிட்ட இலங்கையின் மேற்குக் கடற்கரைகளில் அவை வெண்மணல் போலக் குவிந்தன.

நர்டில் என்று அழைக்கப்படும் இக்குருணை சில மில்லிமீட்டர் அளவே உள்ளது. பை, வாளி, குழாய் எல்லாம் இதை உருக்கித்தான் செய்யப்படுகின்றன. பரப்பு மாற்றங்களைப் புரிந்துகொள்ள இதைவிட வசதியான பொருள் கிடையாது. ஆலையை விட்டு வெளிவரும்போது பெரும்பாலும் வெண்மையாகவோ பாதி ஒளிபுகும் தன்மையுடனோ, உருண்டையாக, வழுவழுப்பாக இருக்கும். எங்கிருந்து தொடங்கியது என்பது தெரிவதால் எவ்வளவு மாறியது என்பதை ஒப்பிட்டுச் சொல்லலாம். எக்ஸ்-பிரஸ் பேர்ள் குருணைகளுள் ஒரு பகுதி தீயில் வெந்து, உருகி ஒட்டி, கருத்துக் கட்டிகளாகக் கரை ஒதுங்கியது. வெயிலின் வேலை தொடங்குமுன்பே நெருப்பின் வெப்பம் அவற்றின் பரப்பை ஆக்சிசனேற்றம் செய்திருந்தது. ஒரே கப்பலிலிருந்து விழுந்தவை எனினும், வெந்த குருணையும் வேகாத குருணையும் கடலுக்குள் இருவேறு பொருள்களாகவே நுழைந்தன.

கடலில் நெகிழித் துணுக்குகள் மிதப்பது புதிய செய்தி அன்று. வட அட்லாண்டிக்கின் சர்காசோ கடலில் அவற்றைக் கண்டதாக எட்வர்ட் கார்ப்பென்டரும் கே. எல். சுமித்தும் 1972இல் சயன்சு இதழில் எழுதினர். துணுக்குகள் நொறுங்கும் தன்மை அடைந்திருந்ததையும், அவற்றின் மேல் டயாட்டம்கள் ஒட்டியிருந்ததையும் அக்கட்டுரையே குறிப்பிட்டது. வானிலைச் சிதைவின் இரண்டு முகங்களும் அரை நூற்றாண்டுக்கு முன்பே கண்ணில் பட்டுவிட்டன. விளக்கம்தான் பின்னர் வந்தது.

வெயில் தொடங்கும் வேலை

புவிப்பரப்பை எட்டும் கதிரவ ஒளியில் புற ஊதாப் பகுதி ஏறத்தாழ 290 முதல் 400 நானோமீட்டர் வரை உள்ளது. 300 நானோமீட்டர் அலைநீள ஒளியின் ஆற்றல் ஒரு மோலுக்கு ஏறத்தாழ 400 கிலோசூல். நெகிழிச் சங்கிலியின் முதுகெலும்பான கார்பன்–கார்பன் பிணைப்பை உடைக்க ஏறத்தாழ 350 கிலோசூல் போதும். கணக்குப்படி பார்த்தால் பாலியெத்திலீன் வெயிலில் விரைவாகவே அழிந்திருக்க வேண்டும். ஆனால் தூய பாலியெத்திலீன் இந்த ஒளியை உட்கவர்வதில்லை. உட்கவராத ஒளி எதையும் உடைக்காது.

வேலையைத் தொடங்கி வைப்பவை அதில் கலந்துள்ள மாசுகள். தயாரிப்பின்போது தங்கிய வினையூக்கி எச்சங்கள், உருக்கி வார்க்கும்போது உண்டான சில கார்பனைல் தொகுதிகள், ஐதரோபெராக்சைடுகள் ஆகியவை ஒளியை உட்கவர்ந்து தனி உறுப்புகளைத் தருகின்றன. தனி உறுப்பு சங்கிலியிலிருந்து ஓர் ஐதரசனைப் பறிக்கிறது. ஐதரசனை இழந்த இடத்தில் ஆக்சிசன் வந்து ஒட்டுகிறது. அது பக்கத்திலிருந்து இன்னோர் ஐதரசனைப் பறித்து ஐதரோபெராக்சைடாகிறது. அதுவும் ஒளியால் உடைந்து மேலும் தனி உறுப்புகளை உண்டாக்குகிறது. வைக்கோற்போரில் பற்றிய தீயைப் போன்றது இது. ஒரு பொறிதான் வெளியிலிருந்து வரவேண்டும், பிறகு தானே பரவும். இறுதியில் கீட்டோன், ஆல்டிகைடு, கார்பாக்சிலிக் அமிலம், ஆல்ககால் ஆகிய ஆக்சிசன் தொகுதிகள் பரப்பில் மிஞ்சுகின்றன. சங்கிலிகள் பல இடங்களில் அறுந்திருக்கும்.

பாலிபுரோப்பிலீனின் நிலை இன்னும் மோசம். அதன் சங்கிலியில் ஒன்றுவிட்டு ஒரு கார்பனில் மெத்தில் கிளை இருப்பதால், அங்குள்ள ஐதரசனைப் பறிப்பது எளிது. மொட்டைமாடியில் சில மாதம் கிடந்த சிமெண்டுச் சாக்கு தொட்டதும் தூளாவதைப் பலர் பார்த்திருப்பர். அந்தச் சாக்கு பாலிபுரோப்பிலீன் நாடாவால் நெய்தது. இதே வெயிலில் கறுப்பு நிறத் தண்ணீர்த் தொட்டி பல ஆண்டுகள் தாங்குகிறது. அதில் சேர்த்துள்ள கார்பன் கறுப்பு ஒளியைத் தான் வாங்கிக்கொள்வதே காரணம். பெட் புட்டியின் கதை வேறு. அதன் மூலக்கூறில் உள்ள பென்சீன் வளையம் புற ஊதாவைத் தானே உட்கவர்வதால் மாற்றம் மிக மெல்லிய மேலடுக்கோடு நின்றுவிடுகிறது. அதன் எசுத்தர் பிணைப்பை நீரும் பிளக்கக்கூடும் என்றாலும், கடலின் வெப்பநிலையில் அந்த வினை மிக மந்தமானது.

கரையில் கிடைக்கும் பழைய குருணைகள் மஞ்சளாகவோ பழுப்பாகவோ இருப்பதற்குப் பெரும்பாலும் பாலியெத்திலீன் காரணம் அன்று. அதைக் காக்கச் சேர்த்த பீனால் வகை ஆக்சிசனேற்றத் தடுப்பான்கள் தம் கடமையைச் செய்து முடித்து, நிறமுள்ள சேர்மங்களாக மாறியிருக்கின்றன. மஞ்சள் நிறம் காவலர்கள் தீர்ந்துவருவதன் அடையாளம்.

ஏரிப் படுகைபோல் வெடிப்பு

ஆக்சிசன் நெகிழிக்குள் ஊடுருவும் வேகத்துக்கு எல்லை உண்டு. ஒளியும் ஆழம் செல்லச் செல்லக் குறையும். அதனால் ஆக்சிசனேற்றம் ஒரு மெல்லிய புறத்தோலிலேயே நடக்கிறது. குருணையை இரண்டாக அறுத்தால் உள்ளே இன்னும் புது நெகிழியே இருக்கும்.

இந்தத் தோலும் உட்பகுதியும் ஒத்துப்போகாததில்தான் வெடிப்பு தொடங்குகிறது. பாலியெத்திலீனில் சங்கிலிகள் ஒழுங்காக மடிந்த படிகப் பகுதிகளும், சிக்குண்டு கிடக்கும் ஒழுங்கற்ற பகுதிகளும் கலந்துள்ளன. படிகங்களைத் தைத்துப் பிடித்திருக்கும் நூல்கள் ஒழுங்கற்ற பகுதி வழியே செல்கின்றன. ஆக்சிசன் எளிதில் புகுவதும் அங்குதான். நூல்கள் அறுந்ததும், விடுபட்ட குட்டைச் சங்கிலிகள் அருகிலுள்ள படிகங்களோடு அடுக்கிக்கொள்கின்றன. இதனால் தோலின் அடர்த்தி கூடி அது சுருங்குகிறது. உள்ளே இருப்பது சுருங்கவில்லை. கோடையில் ஏரியின் மேல்வண்டல் காய்ந்து சுருங்கும்போது பாளம் பாளமாக வெடிப்பது போலவே நெகிழியின் பரப்பும் வெடிக்கிறது. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பழைய குருணையைப் பார்த்தால் வறண்ட கண்மாயின் வான்படம் என்றே தோன்றும்.

வெடிப்பின் விளைவுகள் பல. புறப்பரப்பின் அளவு பெருகுகிறது. நீரும் ஆக்சிசனும் முன்பு எட்டாத ஆழத்தை எட்டுகின்றன. அலையும் மணலும் உரசும்போது பாளங்களின் விளிம்புகள் உதிர்ந்து நுண்நெகிழியாகின்றன. உதிர்ந்த இடத்தில் புதுப் பரப்பு வெளிப்பட்டு எல்லாம் மறுபடியும் தொடங்குகிறது.

ஒட்டாத நீர் ஒட்டுவது

தாமரை இலைத் தண்ணீர் ஒட்டாமல் உருள்வது போல, புதுப் பாலியெத்திலீன் மேல் விழுந்த நீர்த்துளியும் திரண்டே நிற்கிறது. துளியின் ஓரம் பரப்போடு உண்டாக்கும் சேர்கோணம் அதில் ஏறத்தாழ 95 முதல் 105 பாகை. 90 பாகைக்கு மேல் இருந்தால் பரப்பு நீரை வெறுப்பது என்று பொருள். ஆக்சிசன் தொகுதிகள் தோன்றியதும் அவை நீர் மூலக்கூறுகளோடு ஐதரசன் பிணைப்பு கொள்கின்றன. துளி தட்டையாகிக் கோணம் குறைகிறது. இதை எப்போதும் நேர்க்கோட்டில் எதிர்பார்க்கக் கூடாது. வேதியியல் இன்னும் அதிகம் மாறாத நிலையில் பரப்பு சொரசொரப்பானால் கோணம் கூடுவதும் உண்டு. தாமரை இலையின் உத்தியே அதுதான்.

மின்சுமையும் மாறுகிறது. பரப்பில் உண்டான கார்பாக்சிலிக் அமிலத் தொகுதிகள் காரகாடித்தன்மைச் சுட்டெண் 4, 5க்கு மேல் ஐதரசன் அயனியை இழந்து எதிர்மின்சுமை பெறுகின்றன. கடல்நீரின் சுட்டெண் ஏறத்தாழ 8 என்பதால் அங்கு அவை பெரும்பாலும் மின்சுமையோடே இருக்கும். நன்னீரில் இப்படி ஒத்த சுமை பெற்ற நுண்துகள்கள் ஒன்றையொன்று விலக்கித் தனித்தனியே மிதக்கின்றன. ஆறு கடலில் கலக்கும் இடத்தில் நிலைமை தலைகீழாகிறது. உப்பிலுள்ள அயனிகள் மின்சுமையைச் சூழ்ந்து மறைத்துவிடுவதால், அச்சுமையின் வீச்சு நன்னீரில் பல நானோமீட்டராக இருந்தது கடல்நீரில் அரை நானோமீட்டருக்கும் கீழே சுருங்குகிறது. விலக்கு விசை அற்றுப்போக, துகள்கள் களிமண்ணோடும் தம்முள்ளும் ஒட்டித் திரள்கின்றன. ஆற்று வண்டல் கழிமுகத்தில் படிவதும் ஓரளவு இவ்வாறே. கழிமுகச் சேற்றில் நுண்நெகிழி சேர்வதை விளக்க முயலும்போது துகளின் பருமனோடு பரப்பின் வயதையும் கணக்கில் எடுக்க வேண்டியிருக்கிறது.

மணலில் விரைவு, நீரில் தாமதம்

நீர் நெகிழியை விரைவாகக் கெடுக்கும் என்று தோன்றுவது இயல்பு. உண்மை பெரும்பாலும் மறுபக்கம் உள்ளது. அமெரிக்க ஆய்வாளர் அந்தோணி ஆண்ட்ரேடியும் அவருடன் பணியாற்றியவர்களும் 1980களின் இறுதியில் ஒரே வகை நெகிழிகளைத் தரையிலும் கடல்நீரிலும் வைத்து ஒப்பிட்டனர். பாலியெத்திலீன், பாலிபுரோப்பிலீன் போன்றவை கடலில் மிதந்தபோது தரையில் இருந்ததைவிட மெதுவாகவே வலுவிழந்தன.

முதற்காரணம் வெப்பம். கரைமணலில் கிடக்கும் நெகிழி வெயிலில் காற்றைவிடச் சூடாகிறது. ஆக்சிசனேற்றம் வெப்பத்தோடு விரைவு பெறும். நீரில் மிதப்பது நீரின் வெப்பநிலையைத் தாண்டுவதில்லை. அடுத்தது நிழல். மேலே பாசியும் நுண்ணுயிரும் படிந்தால் ஒளி குறைகிறது. கலங்கிய ஆற்றில் சில சென்டிமீட்டர் ஆழத்திலேயே புற ஊதா மங்கிவிடும். தெளிந்த நடுக்கடலில் அது பல மீட்டர் இறங்கினாலும், ஆழ்கடலின் இருளில் ஒளியால் நடக்கும் சிதைவு ஏறத்தாழ நின்றே போகிறது. அங்கு மூழ்கிய நைலான் வலைக்கோ பெட் புட்டிக்கோ வயதாவது மிக மெதுவாகத்தான்.

ஆகவே நெகிழியின் பரப்பு மிக விரைவாக மாறும் இடம் கடற்கரை. அலை ஒதுக்கிய குருணை மணலில் காய்ந்து, வெடித்து, அடுத்த பெருநீரில் மீண்டும் கடலுக்குள் போகிறது. கடலில் காணும் துணுக்குகளில் பலவற்றின் பரப்பு கரையில் தயாரானதாக இருக்கக்கூடும். கரையைத் துப்புரவு செய்வது கண்ணுக்கு அழகு தருவதற்கு மட்டும் அன்று என்பதற்கு இதைவிட வலுவான காரணம் தேவையில்லை.

பரப்பின் மேல் ஒரு பரப்பு

நீரில் விழுந்த சிறிது நேரத்திலேயே அதில் கரைந்துள்ள கரிமப் பொருள்கள், அதாவது மட்கிய இலைதழையின் கூறுகளும் புரதங்களும் சர்க்கரைப் பொருள்களும், நெகிழியின் மேல் மெல்லிய பூச்சாகப் படிகின்றன. அதன் மேல் பாக்டீரியா, பின்னர் டயாட்டம், பாசி, வாய்ப்பு அமைந்தால் கொட்டலசு வரை குடியேறுகின்றன. வெடிப்பும் நீர்விரும்பும் தன்மையும் முதற்குடிகளுக்குப் பிடிமானம் தருகின்றன. எரிக் செட்லர், டிரேசி மின்சர், லிண்டா அமரல்-செட்லர் ஆகியோர் வட அட்லாண்டிக் துணுக்குகளை ஆராய்ந்து 2013இல் வெளியிட்ட கட்டுரையில், இச்சமூகம் சுற்றியுள்ள கடல்நீரின் நுண்ணுயிர்க் கூட்டத்திலிருந்து வேறுபட்டது என்று காட்டி, அதற்குத் தனிப் பெயரும் இட்டனர். தமிழில் அதை நெகிழிக்கோளம் எனலாம். ஒரு துணுக்கில் விப்ரியோ இனப் பாக்டீரியாக்கள் மிகுதியாக இருந்ததையும் அவர்கள் கண்டனர். விப்ரியோவில் சில வகைகள் நோய் தருபவை.

உயிர்ப்படலம் மிதப்பையும் மாற்றுகிறது. பாலியெத்திலீனின் அடர்த்தி ஒரு கன சென்டிமீட்டருக்கு 0.91 முதல் 0.97 கிராம், கடல்நீரின் அடர்த்தி ஏறத்தாழ 1.025. இடைவெளி சிறியது. சிப்பியும் பாசியும் ஏறினால் துணுக்கு மூழ்குகிறது. இருட்டில் பாசி மடிந்தாலோ பிற உயிர்கள் அதைத் தின்றாலோ மீண்டும் மேலெழவும் கூடும். நீரின் மேற்பரப்பில் வலைவீசி எண்ணினால் கிடைக்கும் கணக்கு முழுக்கணக்கு ஆகாது.

மணமும் மாறுகிறது என்பது எதிர்பாராத செய்தி. மேத்யூ சவோகாவும் உடன் ஆய்வாளர்களும் கலிபோர்னியக் கடலில் பாலியெத்திலீன், பாலிபுரோப்பிலீன் மணிகளைச் சில வாரங்கள் மிதக்கவிட்டு எடுத்தபோது, அவற்றிலிருந்து டைமெத்தில் சல்பைடு வெளிவந்தது; 2016இல் இது வெளியானது. பாசி உள்ள இடத்தில் இரை இருக்கும் என்று சில கடற்பறவைகளுக்கு வழிகாட்டும் மணம் அது. புது மணிகளில் அந்த மணம் இல்லை. பறவை ஏமாறுவது நெகிழியால் அன்று, நெகிழிமேல் படிந்த கடலால்.

நச்சுகளுக்கு இடம் தரும் பரப்பு

தோக்கியோ விரிகுடாவில் பாலிபுரோப்பிலீன் குருணைகளைப் போட்டு ஆராய்ந்த சப்பானிய ஆய்வாளர்கள், பி.சி.பி. போன்ற நச்சுகள் குருணையில் சுற்றியுள்ள நீரைவிட 1 இலட்சம் முதல் 10 இலட்சம் மடங்கு வரை செறிவாக இருக்கக்கூடும் என்று 2001இல் காட்டினர். அதே வழியில் இடெசிகே தகாதா 2005இல் தொடங்கிய பன்னாட்டுக் குருணைக் கண்காணிப்புத் திட்டம் உலகெங்கும் கரைகளில் பொதுமக்கள் பொறுக்கி அனுப்பும் குருணைகளைச் சோதிக்கிறது. வெள்ளைக் குருணைகளைவிட மஞ்சளானவற்றில் பி.சி.பி. அதிகம் இருக்கும் போக்கும் தென்பட்டது.

இதைக் கொண்டு 'பழையதானால் நஞ்சை அதிகம் ஈர்க்கும்' என்று முடிவு கட்டுவது அவசரம். பி.சி.பி. நீரை வெறுப்பது, அது குருணையின் ஒழுங்கற்ற உட்பகுதிக்குள் கரைந்து சேர்கிறது. பரப்பு நீர்விரும்பியாகி, படிகத்தன்மையும் கூடினால் அதற்கு இடம் குறையத்தான் வேண்டும். மஞ்சள் குருணை அதிகம் ஏந்தியிருப்பதற்கு அது நீண்ட காலம் நீரில் இருந்ததே காரணமாகலாம். வெடிப்புகள் வழி தந்தும் இருக்கலாம். மாறாக, டெட்ராசைக்ளின், சிப்ரோபிளாக்சசின் போன்ற முனைவுத்தன்மை மிக்க மருந்துகளைச் சிதைந்த நெகிழி புது நெகிழியைவிட அதிகம் ஏற்பதாக ஆய்வகச் சோதனைகள் பல காட்டுகின்றன. உலோக அயனிகளும் அப்படியே. இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழக ஆய்வுகளில், கரையில் பொறுக்கிய குருணைகள் புதியவற்றைவிட உலோகங்களை நன்கு பற்றின. எதிர்மின்சுமையும், படிந்த கரிமப் பூச்சும், இரும்பு மாங்கனீசு ஆக்சைடுகளும் அங்கே பிடியாகின்றன. எந்த நஞ்சு என்பதைச் சொல்லாமல் எவ்வளவு ஈர்க்கும் என்று கேட்க முடியாது.

அளப்பதில் உள்ள சிக்கல்

சிதைவை அளக்கப் பெரிதும் பயன்படுவது கார்பனைல் சுட்டெண். அகச்சிவப்பு நிறமாலையில் 1715 செ.மீ.⁻¹ அருகே தோன்றும் கார்பனைல் முகட்டின் அளவை, மாறாத வேறொரு முகட்டால் வகுத்தால் அது கிடைக்கும். கரையில் எடுத்த துணுக்கில் இவ்வளவு எளிதாக முடிவதில்லை. உயிர்ப்படலத்தின் புரதம் 1650 அருகே தன் முகட்டைக் காட்டிக் கார்பனைலோடு கலந்துவிடும். படலத்தை நீக்க ஐதரசன் பெராக்சைடில் ஊறவைத்தால், அளவு மீறும்போது அதுவே பரப்பை மாற்றிவிடும். மேலும் ஆக்சிசனேற்றம் மிகுந்த குட்டைச் சங்கிலிகள் நீரில் கரைந்தும் உரசலில் உதிர்ந்தும் போவதால், சுட்டெண் ஆண்டுகளோடு சீராக ஏறுவதில்லை. அதைக் கொண்டு ஒரு துணுக்கின் வயதைச் சொல்வது பல்லைப் பார்த்து மாட்டின் வயதைச் சொல்வதுபோல் தோராயமானதே. பல இடங்களில் அந்த அளவு நம்பிக்கைக்கும் உரியதாக இல்லை.

ஆய்வகத்தில் விரைவாக மூப்படையச் செய்வது இன்னொரு வழி. கண்ணாடியும் வடிகட்டியும் பொருத்திய செனான் விளக்கு கதிரவ ஒளியை ஓரளவு ஒத்தது. ஆனால் 254 நானோமீட்டர் ஒளி தரும் கிருமிநாசினி விளக்கைப் பயன்படுத்திய சோதனைகளும் உள்ளன. அந்த அலைநீளம் வளிமண்டலத்தைத் தாண்டித் தரைக்கு வருவதே இல்லை. அவ்வாறு பெற்ற பரப்பைக் கடலின் பரப்பு என்று கொள்வது கடினம். இதற்கு மாற்றாகச் சில ஆய்வாளர்கள் துணுக்குகளைக் கம்பிக் கூண்டிலிட்டு உண்மையான கடலிலேயே தொங்கவிடுகின்றனர். சில வாரங்களில் பாசியும் கொட்டலசும் கூண்டையே மூடிவிட, உள்ளிருக்கும் துணுக்குக்கு வெயில் கிடைக்காமல் போவதும் அங்கே நடக்கிறது.